எந்தத் துரை காலத்துப் பெரட்டு

அடுத்த மாதம் உங்கள் மேசைக்கும் அந்தக் கடிதம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். கம்ப்யூட்டர்களின் பழைய இயங்குதளத்துக்கு இனிமேல் பாதுகாப்புக் கிடையாது, எல்லாத் தோட்டங்களும் புதியதுக்கு மாற வேண்டும், திட்டம் போட்டு அனுப்புங்கள் என்று கொழும்பிலிருந்து வருகிற கடிதம். போன முறை அதைப் பிரித்துப் படித்தவன் நான். ஓய்வு பெற்று, பதுளையில் மகள் வீட்டு மாடியில் தினமும் தேநீரைக் குறை சொல்லிக்கொண்டு இருந்த என்னை, "வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்க நானா" என்று கம்பனிக் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து நீங்கள் கூப்பிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

எந்த மென்பொருளை எப்படி ஏற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது நான் மூக்குடைபட்ட கதைகள்தான். அவற்றில் பெரியதை இன்றைக்குச் சொல்கிறேன்.

அந்தத் திட்டத்தை நான் நாற்பது பக்கத்தில் எழுதினேன். அட்டை போட்டு, பக்கத்துக்குப் பக்கம் நிறம் அடித்து, ஓரத்தில் எண் கொடுத்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி செய்து வைத்திருந்தேன். அதில் உருப்படியான முடிவு ஒன்றும் இருந்தது. கச்சான் காற்று அடித்து நம் ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுகிற மாதங்களில் எந்த ஃபேக்டரியிலும் கை வைப்பதில்லை என்று எழுதியிருந்தேன். கொழும்பு அவசரப்படுத்தியது. நான் அசையவில்லை. அந்த மட்டும் நான் கெட்டிக்காரன்தான்.

எனக்கு வேலை பழக்கியவர் ஒருவர் இருந்தார். பேர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "பெட்டியப் பாக்காதே, பெட்டிக்கு முன்னால உக்காந்திருக்கிற ஆளைப் பாரு" என்று அவர் எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். நூறு தடவையும் நான் தலையாட்டியிருக்கிறேன். ஆட்டிய தலைக்குள் ஒன்றும் இறங்கவில்லை என்பது பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் எனக்குத் தெரிய வந்தது.

முதலில் மாற்றிப் பார்க்க அந்தத் தோட்டத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். சீசன் முடிந்த கையோடு, ஆபிஸில் யாரும் கம்ப்யூட்டரைத் தொடாத ஒரு நாளாகப் பார்த்துத் தாருங்கள் என்று கேட்டேன். பெரிய கிளாக்கர் ஒரு தேதி கொடுத்தார். புதுப் பெட்டிகளை டபுள்கேப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால், பழைய கம்ப்யூட்டர் ஒரு வாழைக்குலைக்கும் தராசுக்கும் நடுவில் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம், குங்குமம். அன்றைக்கு ஆயுத பூசை. யாரும் தொடாத நாள் என்று நான் கேட்டேன், அவர் சரியாக யாரும் தொடாத நாளையே கொடுத்திருந்தார். நானும் தொடக்கூடாது என்பது எனக்குத் தெரியவில்லை. நான் முஸ்லிம், எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. கடலையும் பொங்கலும் கட்டிக் கொடுத்து, "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க நானா" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியெல்லாம் கடலையைத் தின்றுகொண்டு, நான் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அந்தச் சிரிப்புக்கு இரண்டு வாரத்தில் பதில் கிடைத்தது.

தள்ளிப்போட்ட நாளில் பெரிய கிளாக்கர் இல்லை. கண்ணில் புரை எடுக்கப் பதுளை ஆசுபத்திரியில் சேர்ந்துவிட்டார். பரவாயில்லை, அவர் கையெழுத்திட்ட பட்டியல்தான் என்னிடம் இருக்கிறதே என்று இருந்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் என்னென்ன வேலை நடக்கிறது என்று நான் கேட்டு வாங்கிய பட்டியல் அது. செக்ரோல் என்கிற சம்பளக் கணக்கு, கொழுந்து நிறை, உரக் கணக்கு, கடிதங்கள். "வேற ஒன்னும் இல்லையே?" என்று அப்போதே கேட்டிருந்தேன். "ஒன்னும் இல்லீங்க" என்று சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மனிதர் ஏன் காலண்டரைப் பார்க்கிறார் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்தது. பட்டியலில் இருந்த அத்தனையும் புதுப் பெட்டியில் ஓடியது. பழையதும் புதியதும் ஒரே விடையைச் சொல்கின்றனவா என்று வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். பிறகு என் திட்டத்தின் பதினோராவது வரிப்படி பழைய டிஸ்க்கைச் சுத்தமாக அழித்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த குஷிக்கு அளவில்லை. ஃபேக்டரிக்குப் போய் அதை நடத்துகிற டீ மேக்கரிடம் ஒரு தடவை, தோட்டத்து மேனேஜர் துரையிடம் ஒரு தடவை, ஸ்டோர்காரரிடம் ஒரு தடவை என்று என் பெருமையை நானே சுமந்துகொண்டு சுற்றினேன்.

புதன் காலை எட்டு மணிக்கு ஓர் அம்மா ஆபிஸ் வாசலில் வந்து நின்றார். கொழுந்தெடுக்கிறவர், பெயர் ராஜேஸ்வரி. அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை என்பது கட்டியிருந்த பட்டுச் சேலையில் தெரிந்தது.

"பெரிய கிளாக்கரையா பொருத்தப் பேப்பரு எடுத்துத் தாறேன்னு சொல்லியிருந்தாருங்க. இன்னிக்குப் பரிசம். நாலு மணிக்கு எல்ல டவுன்ல இருந்து மாப்பிள்ள வீட்டுக்காரங்க வாறாங்க. தட்டுல வைக்கணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சின்ன கிளாக்கர் என் காதுக்குப் பக்கத்தில் வந்தார். பெரிய கிளாக்கர் பழைய கம்ப்யூட்டரில் ஒரு ஜாதக மென்பொருள் வைத்திருந்தாராம். அந்தத் தோட்டத்தில் மட்டுமில்லை, பக்கத்து மூன்று டிவிஷனிலும் பத்துப் பதினைந்து வருடமாக நடந்த கல்யாணங்களுக்கெல்லாம் பொருத்தம் பார்த்தது அந்தப் பெட்டிதானாம். கம்பனிக் கம்ப்யூட்டரில் இதைச் செய்கிறேன் என்று எந்த மனிதர் பட்டியலில் எழுதிக் கொடுப்பார்? நான் அழித்தது ஒரு டிஸ்க்கை இல்லை, ஒரு கல்யாண ஆபிஸையே.

உங்களில் யாராவது இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தி யோசித்திருப்பீர்கள். நான் குஷியில் இருந்தேனே. "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா, உக்காருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். புது ஜாதக மென்பொருள் ஒன்றை அரை மணியில் என் லெப்டொப்பில் இறக்கினேன். ராசி எது, நட்சத்திரம் எது என்று தெரியாத ஒருவன், ராசிக்கட்டம் திரையில் வந்ததும் கைதட்டினேன். பெரிய கிளாக்கரின் மேசை லாச்சியில் நீளக் கொப்பி ஒன்று இருந்தது. மாப்பிள்ளை தினேஷுக்கு ஆசுபத்திரித் துண்டைப் பார்த்து நேரம் நிமிஷத்தோடு எழுதியிருந்தது. பெண் சுகந்திக்கு நேரம் என்ற இடத்தில் "பெரட்டுத் தப்பு" என்று மட்டும் இருந்தது.

காலையில் ஆட்களைக் கூட்டி யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. அதற்குக் கூப்பிடத் தப்பு என்கிற பறையை அடிப்பார்கள்; அந்தச் சத்தம் கேட்ட நேரத்தில் பிள்ளை பிறந்தது என்று அர்த்தம். "தப்பு எத்தனை மணிக்கு?" என்று சின்ன கிளாக்கரைக் கேட்டேன். "ஆறுக்கு சார்." ஆறு என்று தட்டினேன். பிரின்ட் எடுத்து, இரண்டு கையாலும் அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

பத்து மணிக்குத் திரும்பி வந்தார். கூட மகள். சுகந்தி தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். தலையில் பூ, கையில் வளையல், முகத்தில் கொதிக்கிற கோபம். அம்மாவின் முகத்தில் எதுவுமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பூசாரி வாசிச்சுச் சொன்னாருங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ரஜ்ஜுவாம். கட்டக்கூடாதாம். பரிசத்த நிப்பாட்டப் போறேன். மாப்பிள்ள வீட்டுக்கு போன் போட நம்பர் இருக்குமான்னு பாருங்க."

"அம்மா, பெரிய கிளாக்கர் பொருந்துதுன்னு சொன்னாரில்லையா?"

"அது பழைய மிசினு. தப்பாச் சொல்லியிருக்கும். புது மிசினு பொய் சொல்லுமா?"

தம்பிமாரே, தங்கச்சிமாரே, என் வாழ்நாளில் புதிய இயங்குதளத்தை அந்த அளவுக்கு நம்பியவர் வேறு யாரும் இல்லை. நான்கூட நம்பியதில்லை.

"சார், ரஜ்ஜு கிஜ்ஜு எல்லாம் எனக்கு வேணாம். எங்களுக்குப் பிடிச்சிருக்கு. அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள் சுகந்தி.

அம்மா மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினார். "எனக்கு ஒன்னும் பாக்காமத்தான் கட்டிக் குடுத்தாங்க. இவளுக்கு மூனு வயசுல அவரு போயிட்டாரு. நான் பட்டது போதுங்க ஐயா."

ராசிக்கட்டம் வந்ததற்குக் கைதட்டிய நான் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது அங்கே பேச்சே இல்லை. ஒரு கல்யாணம் நின்றுபோகப் போகிறது, அதை நிறுத்துகிற காகிதம் என் பிரின்டரிலிருந்து வந்தது.

முதலில் மென்பொருளோடு மல்லுக்கட்டினேன். அதில் பஞ்சாங்கம் இரண்டு வகை இருந்தது. வாக்கியம் போட்டேன், பொருந்தவில்லை. திருக்கணிதம் போட்டேன், பொருந்தவில்லை. பெரிய கிளாக்கருக்கு போன் போட்டேன். லாச்சிக்குள் அவருடைய போன் கிர்கிர் என்று ஆடியது. கண் வைத்தியம் முடியும்வரை திரையைப் பார்க்கக்கூடாது என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அப்போது சின்ன கிளாக்கர் ஒரு யோசனை சொன்னார். நல்ல மனிதர், நல்லதுக்குத்தான் சொன்னார். "நேரத்தக் கொஞ்சம் முன்னப் பின்னப் போட்டுப் பாப்போம் சார். பொருந்துற மாதிரி ஒன்னு வரும். பிரின்ட் மிஸ்டேக்னு சொல்லிக் குடுத்துருவோம்."

உண்மையைச் சொல்கிறேன், என் விரல் விசைக்கு மேல் போய்விட்டது. ஐந்து நிமிஷ வேலை. அம்மா சிரித்துக்கொண்டு போய்விடுவார், நானும் பதுளைக்குப் போய்ச் சோறு தின்னலாம். ஆனால் அந்த அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தார். நாளைக்கு மாப்பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அந்த முதல் பிரின்ட்தான் அவருக்கு ஞாபகம் வரும். பழையது ஏன் சரி என்றது, புதியது ஏன் பிழை என்றது என்று தெரியாமல் விடையை மட்டும் மாற்றி வைத்தால் அது வேலை இல்லை, ஏமாற்று. செக்ரோலில் அப்படிச் செய்வேனா? மாட்டேன். பிறகு இதில் மட்டும் என்ன?

"வாங்கம்மா, ஆசுபத்திரிக்குப் போவோம். பெரிய கிளாக்கரையே கேப்போம்" என்று லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டேன்.

டபுள்கேப்பில் அம்மா எனக்குப் பக்கத்தில், மகள் பின்னால். பசறையிலிருந்து பதுளை வரை வளைவுக்கு வளைவு நான் பேசிக்கொண்டே போனேன். வாக்கியம் என்றால் என்ன, திருக்கணிதம் என்றால் என்ன, பழைய மென்பொருள் எப்படிக் கணக்குப் போட்டிருக்கும் என்று காலையில் படித்த அரைகுறை விஷயத்தையெல்லாம் அந்த அம்மாவிடம் கொட்டினேன். அவர் மடியில் கையைக் கோத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பின்னாலிருந்து சுகந்தி, "சார், அந்தப் பக்கம் லொறி" என்று இரண்டு தடவை என்னைக் காப்பாற்றினாள்.

பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள். பெரிய கிளாக்கர் ஒரு கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு, வாட்டுக் கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னையும் என் கையிலிருந்த லெப்டொப்பையும் பட்டுச்சேலை கட்டிய இரண்டு பெண்களையும் ஒற்றைக் கண்ணால் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பழசு போயிருச்சா?"

"அழிச்சிட்டேன்."

"நான் அத எழுதிக் குடுத்திருக்கணும் நானா."

"நான் நல்லாக் கேட்டிருக்கணும். அத விடுங்க. இந்தப் புள்ளைக்கு ரஜ்ஜு பொருந்துதுன்னு எப்படிச் சொன்னீங்க?"

"உத்திரம் ஆச்சே, எப்படிப் பொருந்தாமப் போகும்?"

"இதுல அஸ்தம்னு வருது."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "நேரம் என்ன போட்டீங்க?"

"ஆறு."

"ஆறா? யாரு சொன்னா ஆறுன்னு?"

"பெரட்டுத் தப்புன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. பெரட்டு ஆறு மணிக்குத்தானே?"

பெரிய கிளாக்கர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிரிக்கக்கூடாதுன்னு டொக்டர் சொல்லியிருக்காரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கடைசியில் என்னைத் தாண்டிக் கையை நீட்டி, "அம்மா, இவ பொறந்தது எந்தத் துரை காலத்துல? நானாவுக்குச் சொல்லுங்க" என்றார்.

"சேவல் துரை காலத்துலங்க" என்றார் ராஜேஸ்வரியம்மா.

சேவல் துரை என்பது தோட்டம் வைத்த பெயர். விடிகிறதுக்கு முன் எழுந்து மலையெல்லாம் சுற்றி வருவாராம். அவர் அந்தத் தோட்டத்தில் இருந்த இரண்டு வருடமும் பெரட்டு ஐந்தரைக்கு. அவர் மாறிப் போன பிறகுதான் ஆறு. அவருக்கு முன்னால் இன்னொருவர் காலத்தில் ஆறேகால். எந்தத் துரை காலத்தில் தப்பு எத்தனை மணிக்கு அடித்தது என்ற கணக்கு முழுவதும் பெரிய கிளாக்கரின் தலைக்குள் இருந்தது. ஒவ்வொரு தாயிடமும் அவர் முதலில் கேட்பது துரையைத்தான். மணியைப் பிறகு அவரே போட்டுக்கொள்வார். அந்தக் கேள்வி எந்த மென்பொருளிலும் இல்லை, என் நாற்பது பக்கத்திலும் இல்லை.

"அம்மா, வண்டியில என் பக்கத்துலயே இருந்தீங்களே. சேவல் துரைன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றேன்.

"என்னைய யாருங்க கேட்டா?" என்றார் அவர்.



கட்டிலிலேயே லெப்டொப்பைத் திறந்து ஐந்தரை என்று தட்டினேன். உத்திரம் வந்தது. பெரிய கிளாக்கர் திரையைப் பார்க்கக்கூடாது என்பதால் நான் வாசிக்க வேண்டியதாயிற்று. தினம், கணம், யோனி என்று வாயில் நுழையாததையெல்லாம் நான் உரக்க வாசிக்க, பக்கத்துக் கட்டில்காரர் திருத்த, எதிர்க் கட்டில்காரர் அவரைத் திருத்த, வாட்டே கூடிவிட்டது. ரஜ்ஜு பொருந்துகிறது என்று வாசித்ததும் யாரோ கைதட்டினார். சேலைன் போத்தலோடு நடந்து வந்த ஒருவர் தன் மகனுக்கும் பார்த்துத் தரச் சொன்னார். வாட்டு நர்ஸ் மிஸ்ஸி வந்து எங்கள் எல்லோரையும் வெளியே விரட்டினார். ஆனால் விரட்டுவதற்கு முன் தன் தங்கையின் நட்சத்திரத்தைக் கேட்டுக்கொண்டார்.

ராஜேஸ்வரியம்மா அப்போதுதான் அழுதார். சத்தமில்லாமல், நின்றபடியே, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. சுகந்தி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. ஒரு வாட்டு நிறையக் கண் நோயாளிகள் இருந்ததால் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

திரும்பும்போது அம்மா களைத்துப் போய்ப் பின் இருக்கையில் தூங்கிவிட்டார். முன்னால் உட்கார்ந்திருந்த சுகந்தி மெதுவாகச் சொன்னாள்: "பொருந்தாட்டியும் நாங்க கட்டியிருப்போம் சார். ஆனா கட்டுற அன்னிக்கும் அதுக்குப் பொறகும் அம்மா பயந்துக்கிட்டே இருந்திருக்கும். அந்தப் பயத்த நீங்க எடுத்துட்டீங்க."

அந்தப் பயத்தைக் கொடுத்தவனே நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன்.

நாலு மணிக்கு எல்லயிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரின் வான் வண்டி வந்தது. புது பிரின்ட் தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் பக்கத்தில் தட்டில் இருந்தது. என்னைப் பெண் வீட்டுப் பக்கம் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "இவரு யாரு, சாத்திரியாரா?" என்று கேட்க, சின்ன கிளாக்கர், "ஒருவகையில" என்றார்.

அதற்குப் பிறகு என் நாற்பது பக்கம் நாற்பத்தொன்று ஆயிற்று. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: "இந்தப் பெட்டியில் நீங்கள் செய்கிற வேலைகளில் எங்களிடம் சொல்லாதது எது? யாரும் திட்டமாட்டார்கள்." கேள்வித்தாளை அனுப்பவில்லை. நானே போய், டீ குடித்து, உட்கார்ந்து கேட்டேன். அடேயப்பா, என்னென்ன வந்தது தெரியுமா? ஒரு ஃபேக்டரியில் பஜனைப் பாட்டு நானூறு. ஒரு தோட்டத்தில் மரண உதவிச் சங்கத்தின் பெயர்ப் பட்டியல், அதற்கு வேறு பிரதியே கிடையாது. ஒரு துரையின் கம்ப்யூட்டரில் அவருடைய மனைவியின் கேக் செய்முறைகள், கடவுச்சொல் போட்டு. எல்லாவற்றையும் பத்திரமாக மாற்றிக் கொடுத்தேன். பதினோராவது வரியையும் திருத்தினேன். இரண்டு மாதம் கழியாமல் எந்தப் பழைய டிஸ்க்கையும் அழிக்கக்கூடாது.

பெரிய கிளாக்கரைக் கெஞ்சிக் கூத்தாடி, எந்தத் துரை காலத்தில் பெரட்டு எத்தனை மணி என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கினேன். அதை உங்கள் கோப்பில் கடைசிப் பக்கமாக வைத்திருக்கிறேன். வேலைக்குச் சம்பந்தமில்லாதது என்று கிழித்துவிடாதீர்கள்.

போன வருடம் ஒரு நாள் காலை, மகள் வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தது. ராஜேஸ்வரியம்மா. பின்னால் ஆசுபத்திரிச் சத்தம், அதற்கும் மேலே ஒரு பச்சைப் பிள்ளை வீறிட்டு அழுகிற சத்தம்.

"ஐயா, சுகந்திக்குப் பொம்பளப் புள்ள. பேனா இருக்குங்களா? எழுதிக்கங்க. மணி பதினொன்னு, நிமிஷம் பன்னண்டு. சுவரு மணிக்கூட்டுலயும் பாத்தேன், மிஸ்ஸி கையிலயும் பாத்தேன், ரெண்டும் ஒன்னுதான். எந்தத் துரைன்னு பொறகு கேக்காதீங்க."

கைக்குக் கிடைத்த காகிதத்தில் எழுதினேன். அது அந்தப் பழைய திட்டத்தின் அட்டை.